ஃபார்முலாஸா, ஃபார்முலீயா?

கேள்வி: ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளைப் பிழைதிருத்தித் தருகிறேன். ஒருவர் ‘இன்டெக்ஸஸ்’ என்று எழுதுகிறார், இன்னொருவர் ‘இன்டிஸீஸ்’ என்கிறார். லத்தீனிலிருந்து வந்த சொல் என்றால் லத்தீன் பன்மைதான் சரி என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அப்படி வைத்துக்கொண்டால் ஆல்பம்ஸ், மியூசியம்ஸ் எல்லாவற்றையும் தப்பு என்று அடிக்க வேண்டிவரும்.

நீங்கள் கேட்ட சொல்லுக்கு இரண்டு பன்மையும் உண்டு. எதைப் போடுவது என்பதைப் பெரும்பாலும் பொருள்தான் முடிவு செய்கிறது. நூலின் கடைசியில் வரும் சொல்லடைவு என்றால் இன்டெக்ஸஸ். கணிதத்தில் அடுக்குக்குறி, பொருளாதாரத்தில் குறியீட்டெண் என்றால் இன்டிஸீஸ். ஆன்டெனாவும் இப்படித்தான்: வானொலிக்கு ஆன்டெனாஸ், பூச்சியின் உணர்கொம்புக்கு ஆன்டெனீ. ஆவிகளோடு பேசுவதாகச் சொல்கிறவர்கள் மீடியம்ஸ். செய்தித்தாளும் தொலைக்காட்சியும் மீடியா. ஃபார்முலாவில் பிரிவு இவ்வளவு கறாராக இல்லை. அறிவியல் கட்டுரையில் ஃபார்முலீ அதிகம் வரும், மற்ற இடங்களில் ஃபார்முலாஸ் போதும்.

சில சொற்களில் தேர்வுக்கே இடமில்லை. ஸ்டிமுலஸ், பாசிலஸ், அலம்னஸ் மூன்றுக்கும் லத்தீன் பன்மைதான்: கடைசி ‘அஸ்’ போய் ‘ஐ’ வரும். வைரஸ், கேம்பஸ், போனஸ், சென்சஸ் நான்குக்கும் ஆங்கிலப் பன்மைதான். முடிவு ஒன்றுபோல இருப்பதால் நம்பிவிடக்கூடாது. அனாலிசிஸ், தீசிஸ், கிரைசிஸ் ஆகியவை கிரேக்க வழி வந்தவை. பன்மையில் கடைசி அசை ‘ஸீஸ்’ ஆகும். எழுத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். இரண்டுமே அகராதிச் சொற்கள் என்பதால் கணினியின் எழுத்துப்பிழைத் திருத்தி பேசாமல் விட்டுவிடும். கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

அதிகம் படித்தவர்கள் வழுக்குவது வேறு இடத்தில். ‘அஸ்’ என்று முடிந்தாலே ‘ஐ’ போட்டு ‘ஆக்டோபை’ என்பார்கள். ஆக்டோபஸ் கிரேக்கச் சொல். ஆக்டோபஸஸ் என்றே எழுதுங்கள். ஸ்டேட்டஸ் லத்தீன்தான், ஆனால் வேறு வாய்பாட்டைச் (பெயர்ச்சொல் உருமாறும் முறையை) சேர்ந்தது. லத்தீனிலேயே அதன் பன்மை ‘ஐ’யில் முடியாது. ஜீனஸ் என்பது ஜெனரா ஆகும், கார்ப்பஸ் கார்ப்பரா ஆகும். இக்னரேமஸ் (ஆங்கிலத்தில் ‘அறிவிலி’) லத்தீனில் பெயர்ச்சொல்லே அல்ல, ‘நாங்கள் அறியோம்’ என்ற வினைமுற்று. அதற்கு லத்தீன் பன்மை போடுகிறவரை என்னவென்று சொல்வது!

க்ரைட்டீரியா, ஃபினாமினா, பாக்டீரியா மூன்றும் ஏற்கெனவே பன்மை. ‘ஒரு க்ரைட்டீரியா’ என்ற பொருளில் வந்தால் க்ரைட்டீரியன் என்று திருத்துங்கள். அஜெண்டா முழுக்க ஒருமையாகிவிட்டது, அஜெண்டாஸ் பிழையில்லை. டேட்டா இடைநிலையில் நிற்கிறது. அறிவியல் இதழ்கள் பல பன்மை வினை கேட்கும், பொது எழுத்தில் ஒருமை வினை செல்லும். ஒரே கட்டுரையில் இரண்டும் கலந்தால்தான் தவறு. (தமிழில் எழுதும்போது இந்தத் தொல்லை குறைவு. ‘பாக்டீரியா பெருகின’ என்றால் வினையே பன்மையைக் காட்டிவிடும், பால்பகா அஃறிணைப் பெயர் மாதிரி. ‘பாக்டீரியாக்கள்’ என்பதும் வழக்கில் ஊன்றிவிட்டது, அடிக்க வேண்டாம்.)

சந்தேகம் வந்தால் முதலில் அந்த இதழின் நடைக் கையேட்டைப் பாருங்கள். அதில் இல்லையென்றால் ஒரே அகராதியைப் பிடித்துக்கொண்டு, அது முதலில் தரும் வடிவத்தை எடுங்கள். பொதுவாக அதுவே அதிகம் புழங்குவது. அகராதி ‘கணிதத்தில்’ என்பதுபோலத் துறைக்குறிப்பு தந்திருந்தால் அதற்கே முன்னுரிமை. எடுத்த வடிவத்தைத் தனித்தாளில் குறித்துவைத்து, வேலை முடிந்ததும் மற்ற வடிவத்தைக் கோப்பில் தேடுங்கள். படங்களின் தலைப்பிலும் அட்டவணைகளிலும்தான் அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும். மேற்கோளுக்குள் இருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள்.