வணிக மேலாண்மைப் படிப்பு: ஆர்வத்தை விண்ணப்பத்தில் காட்டுவது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறேன். ‘சிறு வயது முதலே வணிகத்தில் தீராத ஆர்வம்’ என்று கட்டுரையைத் தொடங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் விவசாயம் மட்டும்தான் என்பதால், மேற்கொண்டு எழுத ஒன்றும் இல்லை.

முதலில் அந்த வரியை அடித்துவிடுங்கள். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி அது. விவசாய வீட்டில் வணிகம் இல்லை என்று நீங்கள் நினைப்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் மோதிக்கொள்ளும் அக்டோபரில், களத்தில் கொட்டிய நெல்லை அங்கேயே வியாபாரியிடம் கொடுத்துவிடுவதா, நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய் முறைக்காகக் காத்திருப்பதா என்று உங்கள் தந்தை எடுக்கும் முடிவு, முழுக்க முழுக்க வணிக முடிவு. வியாபாரியிடம் விலை குறைவு என்றாலும் பணம் உடனே கைக்கு வந்துவிடும். நிலையத்தில் அரசு நிர்ணயித்த விலை உண்டு; ஆனால் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் (மழைக்காலத்தில் மத்திய அரசு தளர்த்தினால்தான் விதிவிலக்கு). காயவைக்கும் கூலி, தார்ப்பாய் வாடகை, காத்திருக்கும் நாட்களில் கடனுக்கு ஏறும் வட்டி ஆகியவையும் அந்த விலையிலிருந்தே கழியும். சென்ற பருவத்தில் 40 கிலோ மூட்டை ஒன்றுக்குச் செலவு போக எவ்வளவு நின்றது என்று தந்தையிடம் கேட்டு, இரு வழிகளுக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரு விலைகளுக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்தால் காத்திருப்பது கட்டுப்படியாகும் என்பதை நீங்களே கண்டறிந்து எழுதினால், அதுவே உங்கள் கட்டுரை.

பாத்திரக்கடை உரிமையாளர், கும்பகோணம்: என் மகனின் கல்லூரி விண்ணப்பத்துக்காகப் பயிற்சிச் சான்றிதழ் தருவதாகக் கூறி ஒரு நிறுவனம் கட்டணம் கேட்கிறது. சேர்க்கலாமா?

வேண்டாம். சொந்தக் கடையை வைத்துக்கொண்டு வெளியே பணம் கட்டுவானேன்? ஆடியில் திருமணங்கள் இல்லாமல் விற்பனை மந்தமாகி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பே சரக்கு எடுத்தாக வேண்டிய நிலையில், எதை எவ்வளவு வாங்குவது என்ற பொறுப்பில் ஒரு சிறு பகுதியையாவது, குத்துவிளக்கு அடுக்கை மட்டுமாவது, மகனிடம் விட்டுவிடுங்கள். விற்றது, தேங்கியது, பழைய பித்தளையை எடைக்கு எடுத்ததில் மிஞ்சியது அனைத்தையும் அவரே நோட்டில் எழுதி வரட்டும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் 10 செயல்பாடுகள் வரை குறிப்பிடலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகளுக்கே இடம் உண்டு. குடும்பக் கடையில் செய்த வேலையும் அங்கே முறையான செயல்பாடுதான். ‘கடையில் உதவினேன்’ என்று அந்த இடத்தை வீணாக்காமல், எதை மாற்றினார், அதனால் என்ன ஆயிற்று என்று எழுதச் சொல்லுங்கள்.

மாணவர், நாகப்பட்டினம்: இப்படியெல்லாம் எழுதுவதை எந்தக் கல்லூரிகள் பார்க்கின்றன?

நம் அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் பி.பி.ஏ. சேர்க்கை மதிப்பெண் அடிப்படையில் நடப்பதால், அங்கே கட்டுரைக்கு வேலையில்லை. இந்தூர் ஐ.ஐ.எம். நடத்தும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்புக்கு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான யூகாஸ் விண்ணப்பத்தில், 2026 சேர்க்கை முதல் ஒரே கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து இடங்களுக்கும் அதே விடைகள்தான் செல்லும் என்பதால், ஒரு பல்கலைக்கழகத்தை மட்டும் பெயர் சொல்லிப் புகழ வேண்டாம்.

மாணவி, தஞ்சாவூர்: தலையாட்டி பொம்மைகளை இணையத்தில் விற்று நஷ்டப்பட்டேன். இதை எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். வழியில் உடைந்தவை எத்தனை, பொதிகட்டும் செலவை விலையில் சேர்த்தீர்களா, அடுத்த முறை எதை மாற்றினீர்கள் என்ற மூன்றும் இருந்தால் போதும். மன உறுதி பற்றிய பத்தி தேவையில்லை.

மாணவர், திருவாரூர்: பிடித்த நிறுவனம் எது என்று நேர்காணலில் கேட்டால் என்ன சொல்வது?

உலகப் புகழ்பெற்ற பெயரைச் சொன்னால், அடுத்த கேள்வியிலேயே திணற வேண்டியிருக்கும். 1904-இல் கும்பகோணம் வங்கியாகத் தொடங்கி, இன்றும் அந்த ஊரையே தலைமையிடமாகக் கொண்டுள்ள சிட்டி யூனியன் வங்கியை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சிறு, குறு தொழில்களுக்குத் தரும் கடன் பற்றிய பகுதியை மட்டுமாவது படித்து, புரியாத இடங்களை உங்கள் ஊர்க் கிளை மேலாளரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு நேர்காணலுக்குச் செல்லுங்கள்.