ஏலகிரி ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது, பைக் ஏறவில்லை. கிளட்ச் பிளேட் போய்விட்டதா?

அவசரப்பட்டு பிளேட் வாங்காதீர்கள். கிளட்ச் நழுவுகிறது, அதாவது இன்ஜின் சக்தி முழுதாகச் சக்கரத்துக்குப் போகவில்லை என்பது சரி. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அது பளிச்சென்று தெரியும். ஆனால் முதலில் ஹேண்டில்பாரில் உள்ள கிளட்ச் லிவரைப் பாருங்கள். இன்ஜின் ஆறியபின் லேசாக இழுத்தால், கேபிள் இறுகுமுன் லிவர் நுனி சும்மா அசைய வேண்டும். பல வண்டிகளுக்கு இது 10 முதல் 20 மி.மீ. (உங்கள் கையேட்டு அளவே இறுதி). அந்த ஆட்டமே இல்லையென்றால், லிவரை விட்ட பிறகும் கேபிள் இழுத்தபடியே இருக்கும், பிளேட்டுகள் முழுதாக அழுந்தாது. லிவர் பக்கத்து லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை உள்ளே திருகுங்கள், ஆட்டம் கூடும். ரொம்பக் கூட்டினால் கியர் விழ அடம்பிடிக்கும்.

அப்புறம் ஆயில். கார் ஆயில் ஊற்றியிருந்தாலும் நழுவலாம். டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA, பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயிலுக்கான தரக்குறி) என்றிருக்கிறதா பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் நழுவினால், பிளேட் தேய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.