வலி நின்ற பல்லுக்கு வேர் சிகிச்சை தேவையா?

கேள்வி: எனக்கு வயது 42. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் சொத்தை விழுந்து, இரண்டு வாரம் இரவெல்லாம் தூங்கவிடாமல் வலித்தது. ரூட் கெனால் என்ற வேர் சிகிச்சை செய்து, பல்லை மூடும் உறையான கேப் போட வேண்டும் என்றார் மருத்துவர். பயந்துபோய்க் கிராம்புத் தைலம் வைத்து வந்தேன். இப்போது வலியே இல்லை. இனியும் சிகிச்சை தேவையா? பேசாமல் பிடுங்கிவிடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வலி நின்றதால் பல் குணமாகிவிட்டது என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட கூழ் இருக்கிறது. சொத்தை அதுவரை இறங்கிக் கூழ் வீங்கும்போது, சுற்றிலும் கெட்டியான சுவர் இருப்பதால் வீக்கத்துக்கு இடமின்றி அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் வலி கூடுவதும் அதனால்தான். இத்தகைய வலி தானாக அடங்கினால், பெரும்பாலும் கூழ் செத்துவிட்டது என்றே பொருள். கிராம்புத் தைலம் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யுமே தவிர, உள்ளே இருக்கும் கிருமிகளை அகற்றாது. அவை வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் வைக்கும். ஈறில் சிறு கொப்புளம் தோன்றி உடைவது அதன் அடையாளம்.

சிகிச்சையில் அஞ்ச ஒன்றுமில்லை. ஊசி போட்டு மரத்துப்போன பிறகே பல்லைத் திறப்பார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர்களும் அவற்றுள் மூன்று கால்வாய்களும் இருக்கும். ஒவ்வொன்றையும் முடிபோன்ற மெல்லிய அரத்தால் சுரண்டி, கிருமிகளைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் மீண்டும் மீண்டும் கழுவி, உலர்த்தி, குட்டா பெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த இளஞ்சிவப்புக் குச்சிகளால் நுனிவரை அடைப்பார்கள். ஊதுவத்தியைவிட மெல்லிய அந்தக் குச்சிகள் எக்ஸ்-ரேயில் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். அவை வேர் நுனியை எட்டியிருக்கின்றனவா என்று உங்கள் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். சில நாள் கடிக்கும்போது இலேசாக வலிக்கலாம்.

வேர் பிளந்திருந்தாலோ, கட்டியெழுப்பப் போதிய பல் மிஞ்சாவிட்டாலோ பிடுங்குவதே சரி. மற்றபடி, பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால் பக்கத்துப் பல் சாயும், மேல்பல் கீழிறங்கும். அதைச் சரிசெய்யும் செலவு இன்றைய செலவைவிட அதிகமாகலாம்.

கேப்பைத் தள்ளிப்போட வேண்டாம். சொத்தையாலும் சிகிச்சைக்காகத் திறந்ததாலும் உட்பகுதி குறைந்துபோன கடைவாய்ப் பல், முறுக்கு கடிக்கும்போதுகூட நெடுக்காகப் பிளக்கக்கூடும். நன்றாகச் சிகிச்சை செய்த பற்களை இந்த ஒரு காரணத்துக்காகப் பிடுங்க நேரும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்தும். கேப் போடும்வரை மறுபக்கம் மெல்லுங்கள். சர்க்கரை நோய்க்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை எடுப்பவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, முன்பதிவு நாளுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.