பாதி விரலும் முழுக் கித்தாரும்: ஃபில் கேகி பற்றிக் கேள்வி பதில்

மலேசியாவில், சுங்கை சிப்புட் சபையில் முப்பது வருடமாகக் கித்தார் வாசிக்கிறேன். அமெரிக்கக் கிறிஸ்தவக் கித்தார் கலைஞர் ஃபில் கேகி பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: அண்ணே, விரல் இல்லாமல் எப்படி வாசிக்கிறார்? அற்புதம்தானே?

பாதி விரல் இல்லை தம்பி, அவ்வளவுதான். 1951-இல் ஒஹாயோவில் பிறந்தவர். நாலு வயதில் தண்ணீர் பம்பில் மாட்டி வலது கை நடுவிரலில் பாதி போனது. தந்தியை அழுத்துகிற இடது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மீட்டுகிற கைதான் வேறு வழி தேட வேண்டியிருந்தது. வால்யூம் குமிழைத் திருகியே ஒலியை வயலின் மாதிரி எழுப்புவார். நானும் நடுவிரலை மடித்து பிளாஸ்டர் சுற்றி வாசித்துப் பார்த்தேன். முதல் நாள் மூன்றாவது தந்தி ஊமை. இரண்டு வாரத்தில் மோதிர விரல் அந்த வேலையைப் பழகிக்கொண்டது. அற்புதம் என்று சொல்லிவிட்டுப் பயிற்சியை விட்டுவிடாதே.

கேள்வி: கேகிதான் சிறந்தவர் என்று ராக் கித்தார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் சொன்னாராமே?

கேகியே மறுத்த கதை. அவர் இருந்த கிளாஸ் ஹார்ப் ராக் குழுவின் முதல் ஆல்பம் 1970. அதே ஆண்டு செப்டம்பரில் ஹென்ட்ரிக்ஸ் இறந்துவிட்டார். கேகியைக் கேட்டிருக்கவே வாய்ப்புக் குறைவு.

கேள்வி: எப்போது விசுவாசத்துக்கு வந்தார்?

1970-இல், கார் விபத்தில் அம்மாவை இழந்த பிறகு. 1972-இல் குழுவை விட்டார். அடுத்த ஆண்டு 'வாட் எ டே' ஆல்பத்தில் எல்லாக் கருவிகளும் அவரே.

கேள்வி: 1978-இல் வெறும் கருவியிசையாக 'தி மாஸ்டர் அண்ட் த மியூசிஷியன்' வெளியிட்டாரே. வரி இல்லாதது எப்படி ஐயா துதியாகும்?

பைபிளில் சங்கீதம் 150-ஐ எடுத்துப் பாருங்கள். வீணை, சுரமண்டலம், யாழ், தீங்குழல் எல்லாம் இருக்கிறது.

அவரே மறுபடி: கடைசி வசனத்தில் 'சுவாசமுள்ள யாவும்' என்று இருக்கிறதே. கித்தாருக்கு ஏது சுவாசம்?

வாசிக்கிறவனுக்கு இருக்கிறதே! தோட்டத்தில் ஒரு துக்க வீடு. யாருக்கும் பாடத் தொண்டை வரவில்லை. நான் ஞானப்பாட்டு மெட்டை மட்டும் வாசித்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டியின் உதடு மட்டும் அசைந்தது.

மறுபடியும் அவர்: பாட்டிக்கு வரி தெரியும், அதனால்தான்.

சரி, அந்தப் புள்ளி உங்களுக்கு. ஆனால் வரியை அவர் நினைவிலிருந்து எழுப்பியது எது ஐயா?

கேள்வி: ஹென்ட்ரிக்ஸ் சொன்னது உண்மையா?

மேலே இருக்கிறது.

கேள்வி: கேகி மாதிரி வாசிக்க எந்தக் கித்தார் வாங்கலாம்?

கையில் இருப்பதை வாசியுங்கள். காரின் பின்பெட்டியில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். பசார் வெயிலில் ஒரு மத்தியானம் விட்டதில் என் கித்தாரின் பிரிட்ஜ், அதாவது தந்தி மாட்டுகிற கட்டை, பசை இளகிக் கழன்று வந்துவிட்டது.

கேள்வி: ஹென்ட்ரிக்ஸ்...

தம்பி, மேலே படி. அப்புறம், உன் கித்தார் இப்போது எங்கே இருக்கிறது? காரிலா?