சின்ன நிகழ்ச்சிக்கு தனி ஆளா தூக்கிட்டுப் போற மாதிரி சவுண்ட் சிஸ்டம் எப்படி செட் பண்றது? எத்தனை வாட்ஸ் வேணும்?

60, 70 பேர் கூடுற நிகழ்ச்சி, பேச்சு தான் முக்கியம், நடுவுல கொஞ்சம் பாட்டு, தூக்குறதுக்கு ஆள் நான் ஒருத்தன் தான்னு கேள்வில போட்டிருக்கீங்க. நானும் இதே நிலமைல ஆரம்பிச்சவன் தான், சின்னச் சின்ன கூட்டத்துக்கெல்லாம் இப்ப நான் தான் மைக் செட், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மொதல்ல அந்த வாட்ஸ் கேள்விய ஓரமா வைங்க. பெட்டி மேல 1000 வாட்ஸ்னு பெருசா போட்டிருப்பான், அது ஒரு நொடிக்கும் கம்மியான நேரத்துக்கு வர்ற பீக் கணக்கு, தொடர்ந்து தர்றது அதுல பாதியோ அதுக்கும் கீழயோ தான் இருக்கும். சரி, நெஜமாவே வாட்ஸ டபுள் பண்ணிட்டோம்னு வைங்க, சத்தம் டபுள் ஆகாது, 3 டெசிபல் (சத்தத்த அளக்குற அளவு) தான் ஏறும், "ஏதோ கொஞ்சம் கூட்டிருக்காங்க போல"ன்னு தோணும், அவ்ளோதான். காதுக்கு ரெண்டு மடங்கா கேக்கணும்னா சுமார் 10 டெசிபல், அதாவது 10 மடங்கு வாட்ஸ் வேணும். அதனால 200 வாட்ஸா 300 வாட்ஸான்னு மண்டைய உடைச்சுக்குறது வீண்.

எடை தான் நீங்க பாக்க வேண்டியது. 12 இன்ச் ஸ்பீக்கர் ஷோரூம்ல கேட்டா ஆசையா தான் இருக்கும், ரெண்டு பெட்டியையும் தூக்கிட்டு ரெண்டு மாடி ஏறிப் பாருங்க, அப்புறம் அந்த ஆசை இருக்காது. பேச்சுக்கு 100 ஹெர்ட்ஸுக்கு கீழ எதுவும் தேவையே இல்ல, அதனால 10 இன்ச் ஆக்டிவ் ஸ்பீக்கர் ரெண்டு போதும். ஆக்டிவ்னா ஆம்ப்ளிஃபயர் உள்ளயே இருக்கும், தனியா ஒரு பெட்டி தூக்க வேண்டாம், ஆம்ப் ஸ்பீக்கருக்கு பொருந்துதான்னு யோசிக்கவும் வேண்டாம். கூட ரெண்டு ஸ்டாண்ட், நாலு இல்லைன்னா ஆறு சேனல் மிக்சர் (மைக், போன் எல்லாத்தையும் சேத்து ஸ்பீக்கருக்கு அனுப்புற பெட்டி) ஒண்ணு, டைனமிக் மைக் (தனியா கரண்ட் குடுக்காமலே வேலை செய்யுற மைக்) ரெண்டு, ஒயர். கண்டென்சர் மைக் இப்ப வேண்டாம், அதுக்கு மிக்சர்ல இருந்து 48 வோல்ட் ஃபேன்டம் பவர் குடுக்கணும், தூரத்துச் சத்தத்தையும் நல்லா இழுக்கும், சின்ன ஹால்ல தலைவலி தான். ஷ்யூர் எஸ்எம்58 மாதிரியான மைக் 1966ல இருந்து இன்னிக்கு வரைக்கும் மேடைல ஓடுதுன்னா காரணம் இருக்கு, கீழ போட்டாலும் தாங்கும், வாய்க்கு பக்கத்துல வெச்சா பேசுறவர் குரல மட்டும் எடுக்கும்.

அந்த "வாய்க்கு பக்கத்துல" தான் முக்கால்வாசி வித்தையே. மைக்க 20 சென்டிமீட்டர் தள்ளி நெஞ்சுக்கு நேரா பிடிச்சிட்டு பேசுறவர் அதையே 5 சென்டிமீட்டருக்கு கொண்டு வந்தா மைக்குக்குள்ள போற சத்தம் கிட்டத்தட்ட 12 டெசிபல் ஏறும், அதையே வாட்ஸ்ல வாங்கணும்னா 16 மடங்கு பெரிய ஆம்ப் வேணும், இங்க சும்மா கைய மேல தூக்குனாலே கிடைக்குது. பக்கத்துல வெச்சா குரல் கொஞ்சம் பொதபொதன்னு கேக்கும், மிக்சர்ல லோ கட்னு அடிச்சத்தத்த வெட்டுற ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கி விட்டா சரியாயிடும். இன்னொண்ணு, சில பேரு ஸ்டைலா மைக் தலைய உள்ளங்கையால பொத்திப் பிடிப்பாங்க. அந்த வலைக்குப் பின்னாடி இருக்குற ஓட்டை வழியா போற காத்து தான் மைக்க பின்பக்கச் சத்தத்துக்கு செவிடாக்குது, அதை அடைச்சா எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிச்சிடும், உடனே கூவும். யாரு பேச வந்தாலும் மொதல்ல இந்த ரெண்டையும் சொல்லிக் குடுத்துருங்க, கூச்சப்படாதீங்க.

கூவுறதுன்னா வேற ஒண்ணும் இல்ல, ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போய் சுத்திச் சுத்தி வளர்றது. ஸ்பீக்கர மைக்குக்கு முன்னாடி, கூட்டத்தப் பாத்து வைங்க. பேசாத மைக்க ஆஃப் பண்ணி வைங்க, ஏன்னா ஆன்ல இருக்குற மைக் எண்ணிக்கை டபுள் ஆனா கூவாம ஏத்தக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். அப்புறம் ஸ்டாண்ட நல்லா ஏத்துங்க, ஸ்பீக்கர் உக்காந்திருக்கிறவங்க தலைக்கு மேல இருக்கணும். தரைலயோ டேபிள்லயோ வெச்சா முன்வரிசைக்காரங்க காது கிழியும், அவங்க உடம்பே 'ச', 'ஸ' மாதிரி கூர்மையான சத்தத்தையெல்லாம் தின்னுடும், பின்னாடி இருக்கிறவருக்கு முணுமுணுப்பு தான் கிடைக்கும். ஸ்டாண்ட் கால்ல ஏதாவது கனமா ஒரு பை வெச்சிருங்க, குழந்தைங்க ஓடுற இடம்னா கண்டிப்பா.

இப்ப ஒயர். இதுல தான் நான் நல்லா அசிங்கப்பட்டேன். ஒரு டான்ஸ் நிகழ்ச்சி, போன்ல இருந்து பாட்டு போடணும், என்கிட்ட ஒரு பக்கம் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக், இன்னொரு பக்கம் எக்ஸ்எல்ஆர் பின் (மைக் ஒயர்ல இருக்குற மூணு பின் சொருகி) இருந்த ஒரு ஒயர் இருந்துச்சு. மிக்சர்ல சொருகுனேன், மியூசிக் ஜோரா வருது, பாடுறவங்க குரல் மட்டும் காணோம். எங்கயோ கிணத்துக்குள்ள இருந்து எதிரொலி மாதிரி லேசா கேக்குது. இயர்போன்ல கேட்டா எல்லாம் சரியா இருக்கு. ஸ்டீரியோ தான் பிரச்சனைன்னு யாரோ சொல்ல, போன் செட்டிங்ஸ்ல மோனோ ஆடியோ ஆன் பண்ணேன், மொத்தமா சைலன்ட் ஆயிடுச்சு. மேடைல பிள்ளைங்க கைய தூக்கிட்டு நிக்குது.

என்ன நடந்துச்சுன்னா, எக்ஸ்எல்ஆர்ல ரெண்டாவது பின்னும் மூணாவது பின்னும் ஒரே சிக்னல நேரும் தலைகீழுமா கொண்டு வரும், மிக்சர் ஒண்ணுல இருந்து இன்னொண்ண கழிக்கும், வழில சேர்ற இரைச்சல் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்குறதால கழிச்சா போயிடும். அருமையான ஏற்பாடு, மைக் ஒயர் 30 மீட்டர் போனாலும் சுத்தமா இருக்குறதுக்கு காரணமே இதான். ஆனா என் ஒயர் ஒரு பின்ல லெஃப்ட், இன்னொண்ணுல ரைட்டு கொண்டு வந்துச்சு, பாட்டுல குரல் வழக்கமா ரெண்டு பக்கமும் சமமா பதிவாகியிருக்கும், மிக்சர் கழிச்சதும் குரல் காலி. மோனோ பண்ணதும் எல்லாமே சமம், அதனால எல்லாமே காலி. அன்னிக்கு போன்ல பேலன்ஸ ஒரே பக்கமா தள்ளி தப்பிச்சேன். ஜாக்க ரெண்டா பிரிச்சு ரெண்டு சேனல்ல தனித்தனியா சொருகுற ஒயர் இப்ப எப்பவும் பைல இருக்கும்.

லேப்டாப் மாட்டுனா ம்ம்ம்னு ஒரு ஹம் வரும். சார்ஜர பிடுங்கிப் பாருங்க, நின்னுச்சுன்னா எர்த் லூப் (எர்த் ரெண்டு வழியா சேந்து ஒரு வளையமாகுறது) தான். டிரான்ஸ்ஃபார்மர் வெச்ச டிஐ பாக்ஸ் (ஒயர் தொடர்ப அறுத்துட்டு சிக்னல மட்டும் கடத்துற சின்னப் பெட்டி) ஒண்ணு நடுவுல போட்டா தீரும், மிக்சர், லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாத்தையும் ஒரே பிளக் பாயிண்ட்ல இருந்து எடுத்தாலும் பாதி நேரம் தீரும். எர்த் பின்ன உடைச்சா ஹம் போயிடும்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க, மைக் பிடிச்சிருக்கிறவருக்கு ஷாக் அடிச்சா பொறுப்பு உங்களோடது.

வயர்லெஸ் மைக் வாங்குனா 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுறத விட யுஹெச்எஃப் (அதுக்குக் கீழ இருக்குற வேற ரேடியோ அலைவரிசை) நல்லது, முன்னதுல வைஃபையும் கூட்டத்துல இருக்குற எல்லார் போனும் அதே ரோட்ல தான் போகுது. உங்க நாட்டுல அனுமதி இருக்குற பேண்டான்னு பாத்து வாங்கணும். புளூடூத் ஸ்பீக்கர் பாட்டுக்கு பரவால்ல, மைக்குக்கு ஆகாது, வாய் அசைஞ்ச அப்புறம் தான் குரல் வரும்.

கரண்ட் இல்லாத இடம்னா, பேச்சும் பாட்டும் போறப்ப சராசரியா போட்டிருக்குற வாட்ஸ்ல எட்டுல ஒரு பங்கு தான் இழுக்கும்னு கணக்கு போடுவாங்க. தொடர்ந்து 200 வாட்ஸ் தர்ற ஸ்பீக்கர் ரெண்டுன்னா 50 வாட், இன்வெர்ட்டர் திங்கிறதையும் சேத்து 70னு வைங்க. 12.8 வோல்ட் 20 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி 256 வாட் ஹவர், மூணு மணி நேரத்துக்கு மேல ஓடும். இன்வெர்ட்டர் சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் மாதிரி வழவழன்னு வர்ற அலை) தானான்னு கேட்டு வாங்குங்க, மலிவானது ஸ்பீக்கர்லயே கொர்ர்னு இரைச்சல் போடும்.

ஆன் பண்றப்ப ஸ்பீக்கர் கடைசி, ஆஃப் பண்றப்ப ஸ்பீக்கர் மொதல்ல. மாத்திப் பண்ணீங்கன்னா டமால்னு ஒரு சத்தம், எல்லாரும் உங்கள திரும்பிப் பாப்பாங்க.