மூன்று பேருக்கும் ஒரே அழுகையா?

கேள்வி: கஜா புயலுக்குப் பிறகு அப்பா விட்டுவிட்டுப் போன மூன்று பிள்ளைகளைப் பற்றி நான் அனுப்பிய நாவலை, 'அழுகை அதிகம்' என்று ஒரே வரியில் திருப்பிவிட்டீர்கள். அந்தப் பிள்ளைகளின் வலி உங்களுக்கு உறைக்கவே இல்லையா?
– ஒரு வாசகர், பேராவூரணி

பதில்: பிள்ளைகளின் வலி உறைக்கிறது. உங்கள் நாவலில்தான் அது இல்லை.

அப்பா போகும்போது அக்காவுக்கு 15 வயது, தம்பிக்கு 12, கடைக்குட்டிக்கு 3. மூன்று பேரும் சுவரில் இருக்கும் போட்டோவைப் பார்த்து ஒரே மாதிரி விம்முகிறார்கள். (மாலை போடாததுதான் பாக்கி.) மூன்று வயதில் பார்த்த முகம் அந்தக் குட்டிக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? அவளைப் பொறுத்தவரை அப்பா என்பவர், பெரியவர்கள் இருவரும் சண்டை போட்டுக்கொள்ள ஒரு காரணம். அவ்வளவுதான்.

உருப்படியான இடம் ஒன்று இருக்கிறது. கல்லணைக் கால்வாயின் கடைமடை. ராத்திரி முறைத் தண்ணீர். ஆம்பளை இல்லாத வீடுதானே என்று மேல்மடைக்காரர் வாய்க்காலை அடைத்துவைத்திருக்கிறார். அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மண்வெட்டியால் அடைப்பை வெட்டிவிடுகிறாள். விடிந்ததும் தம்பியை எழுப்பி, "தண்ணி பாஞ்சிடுச்சு, நீ பள்ளிக்கூடம் கெளம்பு" என்கிறாள். இதை ஆறே வரியில் முடித்துவிட்டு மறுபடி போட்டோவுக்குப் போய்விட்டீர்களே! வயிறு எரிந்தது.

அப்புறம், நிலம் அப்பா பேரில் இருக்கிறது. அவர் வராமல் பட்டா மாறாது. சொசைட்டியில் பயிர்க்கடன் கேட்டாலும் சிட்டா யார் பேரில் என்பார்கள். கஜா அடித்தது 2018 நவம்பர் 16. உங்கள் அப்பா வீட்டை விட்டுப் போவது அடுத்த தையில். நாவல் முடியும்போது ஏழு வருஷம் தாண்டிவிடுகிறது. ஏழு வருஷமாகத் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் சொன்னது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. கோர்ட்டுக்குப் போவோம் என்று அக்காதான் சொல்வாள், மண்வெட்டி பிடித்தவள் அவள். அன்றைக்குத் தூங்கிக்கொண்டிருந்த தம்பி, "உயிரோட இருக்குற மனுசனைக் கொல்லப் பாக்குறியா?" என்று எகிறுவான். தீர்ப்பு வந்தால் அம்மாவின் தாலி என்னாவது? அதை அம்மாவிடம் யார் கேட்பது? கடைக்குட்டியை விட்டுக் கேட்கச் சொல்வார்களோ? உங்கள் ஊர் வக்கீல் ஆபீஸில் போய் உட்கார்ந்தாலே நாலு அத்தியாயம் தேறும். நாவலில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

போட்டோவைக் கழற்றிவிட்டு, மடையிலிருந்து தொடங்கி எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன். பக்க எண் போடுங்கள். போன முறை உதிரித் தாள்களை அடுக்கவே ஒரு மத்தியானம் போயிற்று.