74ஹெச்சி14-க்குப் பதில் 74ஹெச்சிடி14: ஆஸிலேட்டர் ஏன் மாறியது?

சிப் பழுதில்லை நண்பரே. இரண்டும் ஷ்மிட் ட்ரிக்கர் இன்வெர்ட்டர்கள்: உள்ளீடு மேல் எல்லையைத் தாண்டினால் அவுட்புட் தாழும், கீழ் எல்லைக்கு இறங்கினால் உயரும். ரெசிஸ்டர் வழியே கெப்பாசிட்டர் இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே சார்ஜ் ஆகி வடிவதுதான் உங்கள் ஆஸிலேட்டர். கால்கள் ஒன்றுதான், உள்ளே எல்லைகள் வேறு. அதிர்வெண் ஐந்தில் ஒரு பங்கு ஏறியது, சதுர அலை ஒருபக்கமாகச் சாய்ந்தது என்றீர்களே, இரண்டுக்கும் காரணம் அதுவே.

4.5 வோல்ட் சப்ளையில் ஹெச்சி14-க்கு மேல் எல்லை சுமார் 2.5 வோல்ட், கீழ் எல்லை 1.6. ஹெச்சிடி14 டிடிஎல் (பழைய 5 வோல்ட் லாஜிக் சிப் வகை) சிக்னலுக்காகச் செய்தது, அதற்கு மேல் எல்லை சுமார் 1.4, கீழ் எல்லை 0.85. இடைவெளி 0.9-லிருந்து 0.55 ஆகக் குறைகிறது. அதைவிட முக்கியம், மொத்தமும் தரைப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. அதனால் கெப்பாசிட்டர் சட்டென்று சார்ஜ் ஆகி, மெதுவாக வடிகிறது. கணக்குப் போட்டால் அவுட்புட் உயர்நிலையில் இருக்கும் நேரம் 45 சதவீதத்திலிருந்து 25-க்கு வருகிறது.

ரெசிஸ்டரை மாற்றினால் அதிர்வெண் சரியாகும், சாய்வு போகாது. ஹெச்சி14-ஐயே திரும்பப் போடுங்கள். கிடைக்காவிட்டால் அதே வகை சிப்பான சிடி40106: 5 வோல்ட்டில் எல்லைகள் ஏறக்குறைய 2.9, 1.9. வேகம் குறைவுதான், உங்கள் சில கிலோஹெர்ட்ஸுக்குத் தாராளம்.

ஆனால் இவை எல்லாம் சராசரி எண்கள். ஹெச்சி14 டேட்டாஷீட் ஒன்றில் 4.5 வோல்ட்டுக்கு ஹிஸ்டெரிசிஸ் (இரண்டு எல்லைகளின் இடைவெளி) 0.4 முதல் 2.1 வோல்ட் வரை போட்டிருக்கிறார்கள்! அதிர்வெண் துல்லியமாக வேண்டுமென்றால் 555 டைமர் சிப்புக்குப் போய்விடுங்கள்.